பதினாறு குடைகள்

மணி இரண்டு நாற்பது. ராபின்சன் ரோடு,
பதினெட்டாம் மாடி. ஏர்கான் எப்போதோ அணைந்துவிட்டது.
திரையில் ஒரு வரி நிற்கிறது:
அனுப்பியவர், இந்தப் பதினாறில் ஒருவர்.

மற்ற நாணயங்கள் இவ்வளவு அழுத்தம் இல்லை.
அவை மொய் நோட்டு ஜாதி,
யார், யாருக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு,
எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிவிடும்.
ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு மனிதன் அகப்பட்டால் போதும்,
அவன் குடித்த கோப்பி வரைக்கும் போய்விடலாம்.
ஏழு வருஷமாய் எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

இது உண்டியல். கோயிலில் இருக்கிறதே, அது.
மூடிய கை உள்ளே போகும், விரிந்த கை வெளியே வரும்.
அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் இன்னொரு பொருளும் உண்டு.
அதற்கும் எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது.

ரிட்ஸுவான்தான் விளக்கினான்,
மழையில், தஞ்சோங் பகார் சிக்னலில்.
"அதோ பதினாறு கறுப்புக் குடை.
காசு கொடுத்தவன் ஒருவன்.
மற்ற பதினைந்து பேரையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டாயிற்று.
கையெழுத்து கூட்டத்தினுடையது."
அதே காசை மறுபடி நீட்டினால்?
"கிழித்த டிக்கெட்டின் பாதி வாசலிலேயே கிடக்கும்.
டிக்கெட் தெரியும். கிழித்தவன் தெரியாது."
பச்சை மனிதன் ஒளிர்ந்தான்.
குடைகள் கலைந்து போயின.

வாங்குகிறவனுக்கும் முகம் இல்லை.
புளோக்குக்குக் கீழே வரிசையாய்த் தபால் பெட்டிகள் இருக்குமே,
அங்கே ஒரே ஒரு கடிதத்துக்காக
இரவோடிரவாக ஒரு பெட்டி முளைக்கிறது.
அடுத்த கடிதத்துக்கு அடுத்த பெட்டி.
எல்லாம் தன்னுடையவை என்று
ஒருவனுக்கு மட்டும் தெரியும்.

தொகையா? தராசின் இரண்டு தட்டிலும்
கட்டிய பொட்டலம். முள் நடுவில்.
கள்ளக்காசு கலக்கவில்லை, அவ்வளவுதான் சொல்லும்.
நூறு வெள்ளியா நூறாயிரமா, வாய் திறக்காது.

உயர்நிலை மூன்றில் ஒப்பித்தோம்:
புறத்தில் ஊரும் பேரும் வரும்,
அகத்தில் யார் பெயரும் வராது.
இரண்டு மதிப்பெண்.
யாருக்குத் தெரியக் கூடாது என்று
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

பிடோக்கில் திரு. சுவா, எழுபத்தொரு வயது.
காவல்துறை பேசுகிறேன் என்ற குரலை நம்பினார்.
நூற்று நாற்பதாயிரம் வெள்ளி.
மூன்று கை மாறும்வரை பின்னாலேயே போனேன்.
நான்காவதில் குடைகள்.
போனில் அவர் மனைவி,
"பரவாயில்லை லா, நீங்கள் சாப்பிட்டீர்களா" என்றார்.
அந்த வாரம் முழுக்க இந்த நாணயத்தை
மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நானும்தான்.
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை,
அங் மோ கியோவில் இருநூறு வெள்ளியை நோட்டாக எடுத்துக்கொண்டு
நொவீனாவில் ஒரு அறைக்குப் போகிறேன்.
டாக்டர் பெயர் எதற்கு.
காப்புறுதிக்குத் தெரியக் கூடாது, கம்பெனிக்குத் தெரியக் கூடாது,
அண்ணி அமுதவாணிக்குத் தெரியவே கூடாது.
ரசீது வேண்டுமா என்பாள் கவுண்டரில் இருக்கும் பெண்.
வேண்டாம்.
நாற்காலிகளில் எட்டு பத்துப் பேர் இருப்போம்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
அவ்வளவு மரியாதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த நாணயத்துக்கு இரண்டு சாவி.
ஒன்று செலவழிக்க.
இன்னொன்று பார்க்க மட்டும்,
வந்ததைப் பார்க்கலாம், தொட முடியாது.
நம்பிய ஒருவரிடம் அதைக் கொடுத்து வைக்கலாம்.
கொடுத்தால் கொடுத்ததுதான்.

அப்படி ஒன்றை யாரிடம் கொடுப்பேன் என்று
பெயர்களைப் புரட்டியதில் மணி மூன்றரை.
'அனுப்பியவர்' கட்டத்தைக் காலியாக விட்டால் சிவக்கிறது.
'அறிய இயலவில்லை' என்று தட்டினேன்.
பச்சையானது.

கீழே மழை.
ரிட்ஸுவான் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான்.
அவனுடைய கறுப்புக் குடையை
கேட்காமலே எடுத்துக்கொண்டு இறங்கினேன்.